ஆடித் தள்ளுபடி அல்ல, ஆள் தள்ளுபடி!
(பெரியப்பா பதில்கள்)

போன இதழில் ஒரு வாசகர், ‘வேண்டாம் என்று அனுப்பிய கம்பெனிக்கே மறுபடி மனுப் போடலாமா?' என்று கேட்டிருந்தார். ‘போடலாம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அது போதவில்லை போலிருக்கிறது. தபால்காரர் கட்டைக் கொண்டுவந்து திண்ணையில் போட்டுவிட்டு, "ஏன் சார், ஊரில் யாருக்குமே வேலை கிடைக்கவில்லையா?" என்றார். அவருக்கும் சேர்த்து இந்த இதழ்.

‘முதல் ரவுண்டு', மதுரை
*ஆறு மாதத்துக்கு முன் என்னை வேண்டாம் என்ற கம்பெனி மறுபடி ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்திருக்கிறது. போகலாம்தான், ஆனால் வெட்கமாக இருக்கிறது.*

உங்களை வேண்டாம் என்றவர் அன்றைக்கு இன்னும் இருபது பேரையாவது வேண்டாம் என்றிருப்பார். மத்தியானம் தயிர்சாதத்தைப் பிசையும்போதே உங்கள் முகம் அவருக்கு மறந்துபோயிருக்கும்.

ஆறு மாதமாக அதை நினைத்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். சட்டையை இஸ்திரி போடுங்கள்.

‘பஜ்ஜி சொஜ்ஜி', கும்பகோணம்
*"சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். மூன்று மாதமாகச் சத்தமே இல்லை. என்ன அர்த்தம்?*

பெண் பார்த்துவிட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்" என்று கிளம்பினவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்றைக்கு ஹெச்.ஆரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னும் இரண்டு வாரம் பொறுத்து இன்னொன்று. மூன்றாவதும் போட்டால் அது விண்ணப்பம் இல்லை, விரகதாபம்.

‘படையெடுப்பு', பட்டுக்கோட்டை
*கஜினி முகமது மாதிரி 17 தடவை தோற்றாலும் விடக்கூடாது, இல்லையா பெரியப்பா?*

பாவம் கஜினி! அவர் தோற்றுத் தோற்று வந்தார் என்பது நம் ஊர் வாத்தியார்கள் கட்டிவிட்ட கதை. கி.பி. 1000-க்கும் 1027-க்கும் நடுவில் ஏறக்குறைய 17 தடவை வந்தவர், பெரும்பாலும் மூட்டை கட்டிக்கொண்டுதான் ஊர் திரும்பினார். 1025-26ல் சோமநாதபுரம் வந்தது முதல் வெற்றிக்காக இல்லை; பழக்கதோஷம்.

ஒவ்வொரு இன்டர்வியூவிலிருந்தும் நீங்கள் ஏதாவது மூட்டை கட்டிக்கொண்டு வருகிறீர்களா? அப்படியென்றால் கஜினி பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

‘கூலிங் கிளாஸ்', கோவை
*‘கூலிங் பீரியட்' என்கிறார்களே, யாருக்குக் கூலிங்?*

ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் ஒருமுறை தேறாதவர் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் மறுபடி வரலாம். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். விளம்பரத்தின் அடியில், பாட்டிக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இருக்கும். தேடிப் படியுங்கள்.

காரணம் நியாயமானதுதான். ஆறே வாரத்தில் வருகிற ஆள் அப்படியேதான் இருப்பான். கேள்விகள் மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆவக்காய் போட்ட மறுநாள் ஜாடியைத் திறந்து ‘ஊறவில்லையே' என்று சொல்வீர்களா?

‘புது ஐ.டி.', பெருங்குடி
*வேறொரு மின்னஞ்சல் முகவரியிலிருந்து உடனே விண்ணப்பித்தால் கண்டுபிடிப்பார்களா?*

மின்னஞ்சலை மாற்றினீர்கள், சரி. செல்போன் எண்? பிறந்த தேதி? கல்லூரிப் பதிவு எண்? விண்ணப்பங்களை வாங்கி அடுக்கும் மென்பொருளுக்கு ‘இந்த ஆசாமி ஏற்கெனவே வந்தவர்' என்று சொல்ல அதெல்லாம் தாராளம். அதையும் தாண்டி வேலைக்குச் சேர்ந்து, பின்னணி விசாரணையில் மாட்டினால், வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். வெளியே போ என்பார்கள்.

1981ல் ‘தில்லு முல்லு'வில் ரஜினி மீசை வைத்து ஒரு ஆள், மீசை எடுத்து இன்னொரு ஆள் என்று சமாளித்தார். எதிரே தேங்காய் சீனிவாசன் இருந்தார். உங்களுக்கு எதிரே இருப்பது கம்ப்யூட்டர். அதற்கு மீசை செண்டிமெண்ட் கிடையாது.

‘கட்டம் போட்ட படிவம்', பாளையங்கோட்டை
*‘இதற்கு முன் இங்கே விண்ணப்பித்திருக்கிறீர்களா?' என்று கேட்கிறார்கள். ஆம் என்று போட்டால் பாதிக்குமா?*

இல்லை என்று போட்டால்தான் பாதிக்கும்.

ஆம் என்று போட்டுவிட்டு, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே இரண்டு வரி எழுதுங்கள். ‘சென்ற மார்ச்சில் இரண்டாம் சுற்று வரை வந்தேன். அதற்குப் பிறகு இன்ன வேலை செய்தேன், இன்னது கற்றுக்கொண்டேன்.' இரண்டாவது வரி எழுத வரவில்லை என்றால் கோளாறு படிவத்தில் இல்லை, தம்பி.

‘கணக்கு டீச்சர்', ஈரோடு
*கணிதமேதை ராமானுஜனையே யாராவது வேண்டாம் என்று சொன்னதுண்டா?*

வரிசையில் நின்று சொன்னார்கள், டீச்சர்.

அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வான எஃப்.ஏ. தேறாதவர். 1912ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா, மாதம் 30 ரூபாய். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் ஊருக்கே தெரியும். அதற்கு முன்னால் பேக்கர், ஹாப்சன் என்று இரண்டு பேருக்கு எழுதியதையும் அவர்கள் கைகொடுக்காததையும் பாடப் புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்த இருவரும் எந்த ஊர் என்கிறீர்கள்? அதே கேம்பிரிட்ஜ்! வீடு ஒன்றுதான். மூன்றாவது அறையில்தான் ஆள் விழித்திருந்தார்.

கதை அங்கே முடியவில்லை. 1917ல் அதே கேம்பிரிட்ஜின் ட்ரினிட்டி கல்லூரி ஃபெல்லோ பதவிக்கு அவர் பெயர் போனது. கிடையாது என்றார்கள். 1918 மே மாதம் ராயல் சொசைட்டி அவரை ஃபெல்லோ ஆக்கியது. அக்டோபரில் அதே ட்ரினிட்டி கூப்பிட்டுக் கொடுத்தது.

ஒரு வருடத்தில் அவர் கணக்கு மாறிவிட்டதா என்ன? பெயருக்குப் பின்னால் எஃப்.ஆர்.எஸ். என்று மூன்று எழுத்து சேர்ந்திருந்தது. மறுபடி போகும்போது அறிவை எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே அவர்களால் மறுக்க முடியாத ஒரு சீட்டையும்.

‘கோபக்காரன்', கோவில்பட்டி
*வேண்டாம் என்ற மேனேஜருக்கு நறுக்கென்று நாலு வரி பதில் எழுதி அனுப்பிவிட்டேன். இப்போது அங்கேயே நல்ல இடம் காலியாக இருக்கிறது.*

நாலு வரியும் பத்திரமாக இருக்கும். கம்பெனிகள் மனிதர்களை மறக்கும், வசவை மறக்காது.

அந்த மேனேஜர் வேலை மாறும் வரை காத்திருங்கள். அவர் போகிற கம்பெனிக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள்.

‘அம்மா', மயிலாடுதுறை
*என் பிள்ளை ‘அவங்கதான் வேண்டாம்னுட்டாங்களே' என்று மறுபடி போக மறுக்கிறான். நானே போய் அந்த அதிகாரியிடம் பேசட்டுமா?*

வேண்டாம் தாயே! அப்புறம் உங்களுக்கு வேலை கொடுத்துவிடுவார்கள்.

அவனுக்குத் தோசை வார்த்துக்கொண்டே, ‘எந்தக் கேள்விக்குடா பதில் வரலை?' என்று மட்டும் கேளுங்கள். நேராகக் கேட்டால் முறைப்பான். மூன்றாவது தோசையில் சொல்லிவிடுவான். இன்டர்வியூ முடிந்து வெளியே வந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விகளை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. ராத்திரிக்குள் பாதி மறந்துவிடும். பதில் தெரியாத பாதி முதலில் மறக்கும். மனசுக்கு அவ்வளவு மானம்.

‘பொருத்தம்', ஆரணி
*"உங்களைவிடப் பொருத்தமானவர் கிடைத்துவிட்டார்" என்று மெயில் வந்திருக்கிறது. உண்மையா, உபசாரமா?*

உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பொருத்தமானவருக்குப் பழைய கம்பெனியில் 90 நாள் நோட்டீஸ் பீரியட் இருக்கும். அந்த 90 நாளில் அவர் பெட்டியில் இன்னும் இரண்டு ஆஃபர் லெட்டர் விழும். 89-ம் நாள் ‘சொந்தக் காரணங்களால்' என்று ஒரு வரி அனுப்பிவிட்டு வேறு பக்கம் போய்விடுவார். ஹெச்.ஆரில் அன்றைக்கு ஒரே அமளி.

அப்போது அவர்கள் தேடுவது இரண்டாம் இடத்தில் நின்ற ஆளைத்தான். ‘நன்றி, அடுத்த முறை வாய்ப்பிருந்தால் சொல்லுங்கள்' என்று பதில் போட்டு வையுங்கள். முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வராத கல்யாணங்களில் தாலி கட்டியவர்கள், பந்தலில் இருந்தவர்கள்தான்.

‘சுருக்கமாக', சேலம்
*நிராகரிப்புக் கடிதங்களை என்ன செய்யலாம்?*

என் கதையைச் சொல்கிறேன். வாலிபத்தில் ஒரு பத்திரிகைக்குச் சிறுகதை அனுப்பிக்கொண்டிருந்தேன். திரும்பி வருவதற்கு நாமே விலாசம் எழுதி, நாமே தபால்தலை ஒட்டி, உறை வைத்து அனுப்ப வேண்டும். ஆக, ஒவ்வொரு மறுப்பும் என் கையெழுத்திலேயே என் வீட்டுக்கு வரும். என்னை நானே வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருக்கும். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு சீட்டு: வருந்துகிறோம். அப்படிப் பதினான்கு சீட்டு. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் வீட்டில் பால் கணக்கு எழுதினார்கள்.

பதினைந்தாவது தடவை, மூன்றாவதாக அனுப்பிய கதையையே தலைப்பை மட்டும் மாற்றி அனுப்பினேன். அச்சாகிவிட்டது! கதையில் ஒரு கமாவும் மாறவில்லை. உதவி ஆசிரியர் மாறியிருந்தார்.

பால் கணக்கு எழுதுங்கள்.

‘விண்வெளி', விருத்தாசலம்
*ஒரே இடத்துக்கு அதிகத் தடவை விண்ணப்பித்து ஜெயித்தவர் யார்?*

உலக சாதனை எல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். எனக்குப் பிடித்த ஆள் ஹோசே ஹெர்னாண்டஸ். மெக்சிகோவிலிருந்து வந்து கலிஃபோர்னியா வயல்களில் காய் பறித்த குடும்பம். விண்வெளி வீரராக நாசாவுக்கு விண்ணப்பம். 11 தடவை இல்லை என்று வந்தது. 12-வதில், 2004ல் எடுத்தார்கள். 2009ல் டிஸ்கவரி விண்கலத்தில் பறந்தார்.

ஒரே காகிதத்தை 12 தடவை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பவில்லை அவர். தேர்வானவர்களிடம் இருந்தது என்ன, தன்னிடம் இல்லாதது என்ன என்று பார்த்தார். விமானம் ஓட்டக் கற்றார், கடலுக்குள் மூழ்கக் கற்றார், ரஷ்ய மொழி கற்றார். 2001ல் நாசாவிலேயே பொறியாளராகப் போய் உட்கார்ந்துகொண்டார். வாசல் திறக்கவில்லையா, கொல்லைப்பக்கமாக உள்ளே போய் அடுப்படியில் காய் நறுக்க ஆரம்பித்துவிட வேண்டியது. அப்புறம் பந்தியில் இடம் இல்லை என்று யார் சொல்வது?

15-வது விண்ணப்பத்தில் 1998ல் தேர்வான கிளேட்டன் ஆண்டர்சனும் ஏற்கெனவே நாசா ஊழியர்தான். கவனிக்கவும்.

‘ரெஃபரல்', ராமநாதபுரம்
*அங்கே வேலை பார்க்கும் ஒன்றுவிட்ட மச்சான் இந்தத் தடவை சிபாரிசு செய்கிறேன் என்று தானாக முன்வருகிறான். என்ன பாசம் பாருங்கள்!*

நீங்கள் சேர்ந்தால் அவனுக்கு ரெஃபரல் போனஸ் உண்டா என்று விசாரியுங்கள். பாசத்தின் தொகை தெரிந்துவிடும்.

கிண்டல் கிடக்கட்டும், சிபாரிசை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பயோடேட்டாவை ஒரு மனிதக் கண் பார்ப்பதற்கு அது உதவும். அதற்கு மேல் உதவாது. உள்ளே போய் உளறினால் மச்சான் பெயரும் சேர்ந்து கெடும், தீபாவளிக்கு முகம் பார்க்க முடியாது.

‘சனி', நாமக்கல்
*ஜோசியர், ஏழரை முடியும் வரை அந்தக் கம்பெனி பக்கம் போகாதே என்கிறார்.*

சனி பகவான் ஒரு ராசியிலேயே இரண்டரை வருடம் உட்காருவார். ஹெச்.ஆர். ஆறே மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். யார் தயாளு என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

‘பைலட் ஆசை', தாம்பரம்
*விமானப்படையில் பைலட் தேர்வில் தவறிவிட்டேன். கலாம் மாதிரி மறுபடி முயலலாமா?*

கலாம் மறுபடி முயலவில்லையே! டேராடூனில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். இடம் எட்டு. ரிஷிகேஷில் போய் மனதை ஆற்றிக்கொண்டு, 1958ல் பாதுகாப்புத் துறையில் ஆராய்ச்சி வேலைக்குச் சேர்ந்தார். 2006 ஜூனில், 74 வயதில், முப்படைகளின் தலைவராகப் புனேயில் சுகோய் விமானம் ஏறினார். ஒன்பதாவது ஆள் பறக்க 48 வருடம் ஆயிற்று. ஆனால் அன்றைக்குச் சல்யூட் அடித்தது விமானப்படை.

உங்கள் விஷயம்: எந்தப் படியில் தவறினீர்கள் என்று எழுதவில்லை. எஸ்.எஸ்.பி. நேர்காணல் என்றால் வயது இருக்கும் வரை மறுபடி போகலாம். விமானிக்கான கணினித் திறன் தேர்வு, அதுதான் சி.பி.எஸ்.எஸ்., வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அதில் தவறியிருந்தால் பைலட் சீட்டை மறந்துவிட்டு, அதே படையில் மற்ற பிரிவுகளைப் பாருங்கள். ஜன்னலோர இருக்கை இல்லையென்பதற்காகப் பஸ்ஸையே விடுவார்களா?

‘ஏழாவது தடவை', தேனி
*யு.பி.எஸ்.சி. எத்தனை தடவை எழுதலாம்?*

பொதுப்பிரிவுக்கு 6, ஓ.பி.சி.க்கு 9, எஸ்.சி., எஸ்.டி.க்கு வயது வரம்பு வரை எத்தனை வேண்டுமானாலும். விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் கணக்கில் வராது. முதல்நிலைத் தேர்வில் ஒரு தாளுக்குப் போய் உட்கார்ந்தாலும் கணக்கில் வரும். ‘சும்மா எப்படி இருக்குன்னு பார்க்கப் போனேன்' என்று ஒரு தடவையைத் தொலைத்தவர்கள் ஏராளம். தியேட்டராக இருந்தால் டிக்கெட்டோடு போகும். இங்கே ஆயுளில் ஒரு துண்டு போகும்.

பெயரைப் பார்த்தால் நீங்கள் ஓ.பி.சி. என்று நம்புகிறேன்.

‘பதிவு மூப்பு', வேலூர்
*வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருப்பதும் மறுவிண்ணப்பம்தானே?*

இல்லை, அது விரதம். 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கல்யாண நாளை மறந்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்கூட அந்தத் தேதியை மறப்பதில்லை.

‘இடைவெளி', இராஜபாளையம்
*"எப்போ கல்யாணம்?" என்று கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள். இப்போது கல்யாணம் ஆகி, குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. அதே கம்பெனிக்குப் போகலாமா பெரியப்பா?*

போ மகளே. இந்தத் தடவை அவர்களிடம் கேட்க அந்தக் கேள்வி இல்லை. ‘குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்று வேறொன்று வைத்திருப்பார்கள். ஆண்களுக்கு அந்தக் கேள்வித்தாள் வருவதே இல்லை.

1974ல் டாடாக்களின் டெல்கோ கம்பெனி ‘பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம்' என்றே விளம்பரத்தில் போட்டது. மனுப் போடுவதற்கு முன்பே நிராகரிப்பு! பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நேராக ஜே.ஆர்.டி. டாடாவுக்கு ஒரு தபால் அட்டை எழுதிப் போட்டார். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். அவர் சுதா மூர்த்தி. அவருடைய வீட்டுக்காரரை வேறொரு கம்பெனி வேண்டாம் என்ற கதை அடுத்த பதிலில்.

‘ஸ்டேட்டஸ்', சிவகாசி
*வேண்டாம் என்று சொன்ன கம்பெனிகள் பின்னால் வருத்தப்பட்டதுண்டா?*

நாராயண மூர்த்தி விப்ரோவுக்கு விண்ணப்பித்தார், எடுக்கவில்லை. 1981ல் நண்பர்களோடு இன்ஃபோசிஸ் தொடங்கினார். உங்களை எடுக்காதது பெரிய தப்பு என்று அசிம் பிரேம்ஜியே பின்னால் தன்னிடம் சொன்னதாக மூர்த்தி சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. 2009ல் பிரையன் ஆக்டன் என்பவரை ட்விட்டர் வேண்டாம் என்றது, ஃபேஸ்புக்கும் வேண்டாம் என்றது. கூட்டாளியோடு சேர்ந்து வாட்ஸ்அப் நடத்தினார். 2014ல் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது அதே ஃபேஸ்புக். எடுத்திருந்தால் மாதச் சம்பளத்தோடு போயிருக்கும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே கம்பெனி தொடங்காதீர்கள். தொடங்கி மூடியவர்களைப் பற்றி யாரும் எனக்குக் கேள்வி அனுப்புவதில்லை.

‘சம்பளம்', சூளைமேடு
*போன தடவை கேட்டதைவிடக் குறைத்துக் கேட்டால் எடுப்பார்களா?*

காலையில் கிலோ 60 என்ற கத்தரிக்காயைச் சாயங்காலம் 30 என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? காம்பைத் திருப்பிச் சொத்தை தேடுவீர்கள். அவர்களும் திருப்புவார்கள்.

‘சுழியம்', சிதம்பரம்
*ஐன்ஸ்டீனே கணக்கில் ஃபெயிலாமே?*

சுத்தப் புருடா. கணக்கில் அவர் புலி. 1895ல் சூரிச் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் தவறியது உண்மை. அப்போது வயது 16, வழக்கமாக எழுதுகிறவர்களைவிடச் சின்னவர், கவிழ்த்தவை மற்ற பாடங்கள். ஆராவ் என்ற ஊரில் ஒரு வருடம் பள்ளியில் படித்துவிட்டு 1896ல் அதே இடத்தில் சேர்ந்தார். 1912ல் அங்கேயே பேராசிரியர்.

இதைவிட ருசியான கதை பெர்ன் பல்கலைக்கழகம். 1907ல் அங்கே பாடம் நடத்த அனுமதி கேட்டு, தான் ஏற்கெனவே அச்சிட்ட கட்டுரைகளைக் கட்டிக் கொடுத்தார். அவற்றில் 1905ல் வந்த சார்பியல் கொள்கை எல்லாம் இருந்தது. புதிதாக ஒரு ஆய்வேடு இணைக்கப்படவில்லை என்று திருப்பிவிட்டார்கள். 1908ல் ஒன்றை எழுதி இணைத்தார், கொடுத்துவிட்டார்கள்.

பிரபஞ்சத்தின் பூட்டைத் திறந்தவரிடமே ‘அட்டெஸ்டேஷன் எங்கே?' என்று கேட்டது உலகம். உங்கள் விண்ணப்பம் எதற்காகத் திரும்பியது என்று பாருங்கள். மூளைக்காகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கையெழுத்துப் போட மறந்திருப்பீர்கள்.

‘காரணம் வேண்டும்', கரூர்
*ஏன் எடுக்கவில்லை என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா?*

அரசு அலுவலகம் என்றால் 2005-ம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசுத் துறைக்கு 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் ஏதாவது ஒரு பதில் வந்தாக வேண்டும். தனியாருக்கு அந்தச் சட்டம் இல்லை. கேட்கலாம், ஆனால் ‘ஏன் எடுக்கவில்லை?' என்று கேட்காதீர்கள், அது பஞ்சாயத்து. ‘அடுத்த முறைக்கு எதைச் சரி செய்துகொள்ளட்டும்?' என்று கேளுங்கள். பத்துப் பேரில் ஒருவராவது மனமிரங்கி இரண்டு வரி எழுதுவார்.

‘எழுத்தாளி', நாகர்கோவில்
*ஒரே இடத்தில் இரண்டாவது தடவையும் மறுத்தால்?*

ஜே.கே. ரௌலிங்குக்கு நடந்தது. ஹாரி பாட்டரை முதன்முதலில் வேண்டாம் என்ற அதே பதிப்பாளர், பல வருடம் கழித்து அவர் ராபர்ட் கால்பிரைத் என்ற புனைபெயரில் அனுப்பியபோதும் வேண்டாம் என்றார். வந்த மறுப்புகளிலேயே மரியாதை குறைந்தது அதுதான் என்று ரௌலிங்கே 2016ல் போட்டு உடைத்தார்.

சில இடங்களில் கொள்கைப் பிடிப்பு அதிகம்.

‘கல் எறியாதீர்கள், நான் ஹெச்.ஆர்.', சோழிங்கநல்லூர்
*நாங்கள் வேண்டாம் என்றவர்களே மறுபடி மறுபடி வருகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?*

வேண்டாம் என்பதை அவர்களிடம் சொன்னீர்களா, இல்லை மனதுக்குள் சொல்லிக்கொண்டீர்களா?

வாக்-இன் என்று கூப்பிட்டு, வெயிலில் வரிசை நிற்கவைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் சாயங்காலம் வரை உட்காரவைத்து, ஃபைல் உறை வியர்வையில் கையோடு ஒட்டிக்கொள்ளும் வரை வைத்திருந்து அனுப்பினீர்களே, அந்தப் பையனுக்கு ஒரு வரி போட்டிருந்தால் அவன் வேறு பக்கம் போயிருப்பான். பதில் தராத வீட்டு வாசலில்தான் மறுபடி மறுபடி மணி அடிப்பார்கள்.

‘முருங்கை மரம்', முசிறி
*எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னேன். அப்படியும் எடுக்கவில்லை. ஏன்?*

விக்கிரமாதித்தன் தோளிலிருந்து வேதாளம் நழுவிப் போனது எப்போது? தப்பான பதில் சொன்னபோதா? சரியான பதில் சொன்ன ஒவ்வொரு தடவையும்! கடைசிக் கதைக்குப் பதில் தெரியாமல் விழித்தபோதுதான் வேதாளம் பேசாமல் உட்கார்ந்தது.

அடுத்த தடவை ஒரு கேள்விக்காவது ‘எனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தனக்கு ஏதோ தெரியும் என்று நினைத்துக்கொள்ள ஆசை இருக்காதா?

‘போன மாதமே அனுப்பினேன்', புதுக்கோட்டை
*பெரியப்பா, போன மாதம் நான் அனுப்பிய கேள்வியை நீங்கள் போடவில்லை. மறுபடி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவையாவது போடுவீர்களா?*

போன மாதம் கையெழுத்து புரியவில்லை. இப்போது புரிகிறது. போட்டாயிற்று.